எனக்குத்தான் ஒரு தடவை வந்துடுச்சே!

போன மாசம் என் ரூம்மேட்டுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது நான்தான் முன்னால் போய் நின்றேன். "எனக்கு 2017-லயே வந்துடுச்சுடா, இனிமே வராது." அம்மை மாதிரி ஒரு தடவையோடு கணக்கு தீர்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். (பி.காம் படிக்கிறவனின் மருத்துவ அறிவு அவ்வளவுதான், சிரிக்காதீர்கள்.)

டூட்டி டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்கதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும் தம்பி" என்றார். திக்கென்றது. அன்று ராத்திரி வராண்டாவில் உட்கார்ந்து மொபைலில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும் நீண்ட காலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் கொஞ்ச காலம்தான். வில்லங்கம் அதற்குப் பிறகு. பழைய ஆன்டிபாடி புது வகையின் மேல் போய் ஒட்டும், ஆனால் அதை முடக்காது. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் உள்ளே இழுத்துக்கொள்வது சில வெள்ளணுக்களின் வேலை. டெங்கு பெருகுவதே அந்த அணுக்களுக்குள்தான்! வாட்ச்மேனே திருடனைக் கைப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போன கதை.

கியூபாவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1977-ல் அங்கே முதல் வகை பரவியது, பெரும்பாலும் லேசான காய்ச்சல். 1981-ல் இரண்டாம் வகை வந்தது. 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். 1997-ல் சாந்தியாகோ நகரத்தில் மறுபடி இரண்டாம் வகை. அப்போது கடுமையாகப் படுத்தவர்கள் பெரியவர்கள், கிட்டத்தட்ட எல்லோருமே முன்பு முதல் வகை வந்தவர்கள். சுமார் 20 வருஷம் ஆகியும் பழைய பாக்கி தீரவில்லை.

பிலிப்பைன்ஸில் 2016-லிருந்து 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்குப் பின்னால் டெங்கு வந்தால் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த கம்பெனியே சொன்னது. ஊசியே முதல் தொற்று போல வேலை செய்துவிட்டது. அந்தப் பெற்றோர்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே படிக்காமல் இருந்தேன்.

இரண்டாவது தடவை வருகிற எல்லோருக்கும் ஆபத்தாகிவிடாது, பயப்படாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

2017-ல் என்னோடு சேர்ந்து தங்கச்சிக்கும் வந்திருந்தது. ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். "மாடியில இருக்கிற தண்ணி டிரம்மை மூடி வெச்சீங்களாம்மா?"

"இதுக்காடா இந்நேரத்துக்குப் பண்ற?" என்றாள் அம்மா.

மூடவில்லையாம்.