அண்ணாமலையாரும் அறுபத்து நாலு செருப்பும்

பட்ட வகுப்பின் கடைசி வருஷத்தில் மாணவர்களை ஒரு வியாதி பிடித்துக் கொள்கிறது. பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கையில் அது உச்ச நிலையை அடைகிறது. அதற்குச் சுற்றுலா என்று பெயர். எங்கள் சரித்திர வகுப்பில் நாங்கள் 32 பேர். உதகமண்டலம் என்றார் சிலர்; கொடைக்கானல் என்றார் சிலர்; கோவா என்று ஒருவர் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தார். வசூலான பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்த எங்கள் பேராசிரியர், "செஞ்சி, திருவண்ணாமலை. இரண்டு பகல், ஒரு இரவு" என்று தீர்ப்பளித்தார். சரித்திரம் படித்தவன் சரித்திரத்தைப் பாராமல் பட்டம் வாங்குவது, சமையல் புஸ்தகத்தைப் படித்து ஏப்பம் விடுவது போல என்பது அவருடைய கட்சி.

புறப்படுகிறவர்களின் ஜாபிதாவில் ஒரு பெயர் மட்டும் விட்டுப் போயிருந்தது. அந்த நண்பனின் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக் கொள்வான். ஆகையால் நண்பன் என்றே சொல்லுகிறோம். அவன் தகப்பனார் ஐப்பசி மாதத்தில் காலமாகியிருந்தார். வருஷம் திரும்பும் வரையில் கோயிலுக்குள் போவதில்லை, மலைக் கோயில் ஏறுவதில்லை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். "இந்தக் காலத்திலுமா இதெல்லாம்?" என்று நாங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு வாதாடினோம். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. மூன்று மாதமாகவே அவன் யாரோடும் அதிகமாகப் பேசுவதில்லை. கடைசியில் அவன் தாயாரே, "போய் வாடா. கோட்டையைப் பார்த்துக்கொள், கோயில் வாசலில் நின்றுகொள்" என்று சொல்லியனுப்பினார்.

செஞ்சியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ராஜகிரியின் உச்சிக்கு ஏறியவர்களுக்கு அதைப் பற்றிப் பேச மூச்சு இருப்பதில்லை. ஏறாதவர்களுக்குப் பேச உரிமை இல்லை. மராட்டியர் அமைத்தும் ஆண்டும் வந்த கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்த கோட்டை. ஆனால் தமிழ் நாட்டு ஜனங்கள் செஞ்சி என்றதும் நினைப்பது இவர்களில் ஒருவரையும் அல்ல; 1714-ல் நவாபின் சேனையை எதிர்த்துச் சிறு வயதில் மாண்ட தேசிங்கு ராஜனைத்தான். அவன் பந்தேல்கண்டத்து ராஜபுத்திரன். அவனைத் தெருக்கூத்திலும் கதைப் பாடலிலும் வாழ வைத்தவர்கள் தமிழர்கள். நண்பனும் எங்களோடு மௌனமாக உச்சி வரையில் ஏறி இறங்கினான். கோட்டைக்குத் தடை இல்லையல்லவா?

இரவு திருவண்ணாமலையில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் தைப்பூசம். காலையில் கிழக்கு ராஜகோபுரத்தின் முன்னால் போய் நின்றபோது, ஒரு தவறு செய்தோம். "நீதான் உள்ளே வரவில்லையே, இதையாவது பார்த்துக்கொள்!" என்று சொல்லி, பேராசிரியருடையதையும் சேர்த்து 32 ஜோடிச் செருப்புகளையும் நண்பன் காலடியில் குவித்துவிட்டு உள்ளே நுழைந்தோம். யார் முதலில் சொன்னது என்று இப்போது கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. சிரித்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது.

உள்ளே பார்க்க வேண்டியதற்கு ஒரு பகல் போதாது. 217 அடி உயரமும் 11 நிலையும் உள்ள ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் விஜயநகரத்துக் கிருஷ்ண தேவராயர். முடித்தவர் தஞ்சாவூர்ச் செவ்வப்ப நாயக்கர். ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் ராயர் கைங்கரியந்தான். அந்த மண்டபத்துக்குள் பாதாள லிங்கம் இருக்கிறது. 1896-ல் மதுரையிலிருந்து வீட்டை விட்டு ஓடி வந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுப் பையன், பின்னாளில் ரமண மகரிஷியானவர், தன்னை மறந்து உட்கார்ந்திருந்த இடம் அதுதான். 1949-ல் அந்த இடம் செப்பனிடப்பட்டபோது அதைத் திறந்து வைத்தவர் ராஜாஜி. நாங்கள் அங்கே நின்றிருக்கையில் தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. பெரிய கோயில், எப்போதும் ஏதாவது உற்சவம் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

வல்லாள மகாராஜன் கோபுரத்தடியில் பேராசிரியர் அரை மணி நேரம் பேசினார். கன்னட தேசத்து ஹொய்சள வம்சத்தின் மூன்றாம் வீர வல்லாளன், டில்லிப் படைகளால் தன் தலைநகரான துவாரசமுத்திரம் பாழான பிறகு, திருவண்ணாமலைக்கு வந்து இதையே ராஜதானியாக்கிக் கொண்டான். எண்பது வயதில் மதுரை சுல்தானோடு போர் புரிந்து, 1342-ஐ ஒட்டிச் சிறைப்பட்டான். விடுதலை செய்வதாகச் சொல்லிச் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட சுல்தான், பிறகு அவனைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அதைத் தாம் கண்ணால் கண்டதாக மொராக்கோ யாத்திரிகர் இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

எங்களுக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பிறகு எங்களில் ஒருவர், "ஸார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார்.

வெளியே வந்தால் நண்பனைக் காணோம். செருப்புக் குவியல் மட்டும் ஒரு பூக்கார அம்மாளின் கூடையருகே வெகு ஒழுங்காக, ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருந்தது.

"அந்தத் தம்பியா? சாமி பின்னாலே ஈசான்ய குளத்துக்குப் போயிருக்குது. 'நீ ஏன் உள்ளே போகலே'ன்னு கேட்டேன். விஷயத்தைச் சொல்லிச்சு. 'அட, சாமிக்கே அப்பா செத்த சேதி வர்ற நாளு தம்பி இன்னிக்கு. நீ உள்ளே போகக் கூடாதுன்னா என்ன? அவரு வெளியே வந்திருக்காரு, போய்ப் பாரு'ன்னேன்" என்றாள் அந்த அம்மாள்.

பேராசிரியர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். வல்லாளன் மாண்ட வருஷம் அவருக்குத் தெரியும். அது எந்த நாளில் அழப்படுகிறது என்பது அந்தப் பூக்காரிக்குத் தெரிந்திருந்தது. குழந்தையில்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார், அவனுக்கு ஈமக் கடன் செய்யும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார் என்று அருணாசல புராணம் சொல்லுகிறது. ஆகவே வருஷந்தோறும் தைப்பூசத்தன்று சுவாமி ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது, வல்லாளன் போரில் மாண்ட செய்தி அவருக்கு அறிவிக்கப்படுகிறது. பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்திலிருந்து திதி கொடுக்கிறார். வழியில் நடந்துகொண்டே பேராசிரியர் இவற்றைச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொள்ள எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குளக்கரையில் கூட்டம். தீர்த்தவாரி முடிந்திருந்தது. கூட்டத்துக்கு வெளியே, ஒரு சுவரோரமாக நண்பன் நின்றிருந்தான். நாங்கள் அருகில் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் தீர்மானித்திருந்தோம். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. சுவாமி திரும்பப் புறப்பட்டார். காலையில் நாங்கள் கேட்ட மேளம் இப்போது இல்லை, நாதஸ்வரம் இல்லை. சுமக்கிறவர்களின் காலடி ஓசையும், எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தமுந்தான் கேட்டன. அறுநூற்றெண்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒரு கன்னட ராஜனுக்காக ஒரு தமிழ் ஊரின் தெய்வம் வாத்தியமில்லாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

"மேளத்தை நிறுத்திவிட்டார்கள், கவனித்தீர்களா?" என்றான் நண்பன்.

அவன் முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் நடந்தோம். வெயில் ஏறிவிட்டது; தார்ச் சாலை காலைச் சுட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கோபுர வாசலில் சுவாமி உள்ளே போனதும் நண்பன் கைகூப்பிவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். இம்முறை நாங்களும் அவனோடு நின்றோம். பூக்கார அம்மாள் செருப்புக்குக் காவல் கூலி வாங்க மறுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக எங்கள் வகுப்புப் பெண்கள் அவளுடைய கூடையையே காலி செய்தார்கள்.

சாயங்காலம் பஸ் புறப்படும் வரையில் நண்பன் ஜன்னலோரமாக உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மாசி மகத்துக்கு இன்னும் எத்தனை நாள் ஸார்?" என்று கேட்டான்.

"சுமார் முப்பது நாள் இருக்கும். அன்று உங்களுக்கு மாதிரிப் பரீட்சை அப்பா!" என்றார் பேராசிரியர்.

"தெரியும் ஸார்" என்றான்.