கல்லும் திரையும்

புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகளின் களஞ்சியம். குடுமியான்மலையின் பாறைச் சரிவிலே பண்டைய இசைக் குறிப்புகள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. சித்தன்னவாசலிலே சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கைகளின் அருகே தமிழி எழுத்துகள் காணப்படுகின்றன. இத்தகைய மண்ணில் பிறந்த எனக்கு இளமையிலேயே ஒரு காட்சியைக் காணும் பேறு வாய்த்தது. அதன் பொருளை நான் உணர்ந்ததோ நெடுங்காலம் கழித்தேயாகும்.

ஒரு நாள் எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கல்வெட்டுப் படி எடுப்போர் இருவர் வந்தனர். அவர்களுள் முதியவர் சுவரைத் தூரிகையால் தேய்த்து நீர்விட்டுக் கழுவினார். நனைத்த தாளொன்றைக் கல்லின்மேல் ஒட்டினார். அடர்ந்த மயிர்களையுடைய தூரிகையால் அதனை மெல்ல மெல்லத் தட்டினார். தாள் எழுத்தின் பள்ளங்களில் புகுந்து படிந்தது. பின்னர் மை தோய்த்த பஞ்சுத் திண்டினை அதன்மேல் ஒற்றினார். என்ன வியப்பு! தாள் முழுவதும் கருமை பரவ, எழுத்துகள் மட்டும் வெண்மையாக விளங்கின.

"தாத்தா, கல்தான் இங்கேயே இருக்கிறதே! தாளில் எதற்காகப் படி எடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் நகைத்தார். "தம்பி, கல்லும் என்றும் நிற்பதில்லை. மழையும் வெயிலும் எழுத்தை அரிக்கின்றன. திருப்பணி செய்வோர் அறியாமையால் கல்லை இடம் மாற்றிவிடுவதும் உண்டு. இன்று இருப்பதை இன்றே படி எடுத்தால்தான் நாளைக்குச் சான்று" என்றார்.

அவர் கூற்று உண்மையே. புதுக்கோட்டை தனி அரசாக விளங்கிய காலத்தில், அதன் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகங்களை இன்று நாம் இருந்த இடத்திலேயே படிக்க இயல்கிறதென்றால், அன்று படி எடுத்தோர் உழைப்பே அதற்குக் காரணமன்றோ?

காலம் உருண்டது. நான் ஆசிரியனானேன். இப்பொழுது மாணவர் உதவித்தொகைக்குத் தாளில் விண்ணப்பம் எழுதுவதில்லை. கணினி வழியே அனுப்புகிறோம். ஓராண்டு, இறுதி நாளன்று, நாற்பது மாணவரின் விண்ணப்பங்களை நானே அமர்ந்து அனுப்பிக் கொண்டிருந்தேன். அவர்களுள் ஒருத்தி நூறுநாள் வேலைக்குச் செல்லும் தாயொருத்தியின் ஒரே மகள், படிப்பில் முதன்மையானவள். அவளுடைய விண்ணப்பம் சென்றது. 'ஏற்கப்பட்டது' என்னும் செய்தியும் நீண்டதோர் எண்ணும் திரையில் தோன்றின. எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அதற்குள் மின்சாரம் நின்றது, திரை இருண்டது.

'ஏற்கப்பட்டதைக் கண்ணால் கண்டோமே, போதாதா?' என்று எண்ணி அமைந்தேன். போதவில்லை. மூன்று திங்கள் கழித்து வெளிவந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. விசாரித்தேன். "விண்ணப்ப எண் என்ன? சான்று எங்கே?" என்று கேட்டனர். நான் என்ன விடை கூறுவேன்? என் கண்கள் கண்டன. ஆயின் கண்கள் கண்டதைக் கையில் எடுத்துக் காட்ட இயலுமோ?

தலை குனிந்து அத்தாயிடம் சென்றேன். அவர் சினந்து பேசவில்லை. "ஐயா, போனது போகட்டும். அடுத்த பிள்ளைக்கு இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அச்சொற்கள் என் நெஞ்சில் கல்வெட்டாயின. கோயிற் சுவரின் அருகே கேட்ட முதியவரின் மொழியும் அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. இன்று இருப்பதை இன்றே படி எடுக்க நான் தவறிவிட்டேன்!

என்னிடம் பயின்று, இப்பொழுது சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் இளைஞன் ஒருவனிடம் இதனைக் கூறினேன். "ஐயா, திரையையும் படி எடுக்கலாம். அதற்கென விசைப்பலகையில் ஒரு விசை இருக்கிறது. ஆனால் அவசரத்தில் கை அதனை மறந்துவிடும். ஆகவே கட்டளை வரியைக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டளை மறவாது" என்றான்.

கட்டளை வரி என்பது யாது? படங்களையும் பொத்தான்களையும் அழுத்தாமல், செய்ய வேண்டியதைச் சொற்களாகவே எழுதிக் கணினியை ஏவும் முறை அது. லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஸ்கிராட்' என்னும் சிறு மென்பொருள் உண்டு. அப்பெயரைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினால், திரை முழுவதும் அந்நொடியே படமாகிச் சேமிக்கப்படும். பெயரின்பின் இடம் விட்டுச் சிறு கோடும் 'டி' என்னும் ஆங்கில எழுத்தும் 10 என்னும் எண்ணும் சேர்த்தால், பத்து விநாடி பொறுத்துப் படம் எடுக்கும். 'எஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்தால், நாம் சுட்டும் பகுதியை மட்டும் எடுக்கும். 'படம் எடு, ஐந்து விநாடி உறங்கு, மீண்டும் எடு' எனப் பொருள்படும் ஒரு வரியை எழுதிவிட்டால், நாம் நிறுத்தும்வரை ஐந்து விநாடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருக்கும்.

இது நிகழும் முறை எளியதே. 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் உடைய திரையில் 10,49,088 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் கணினியின் நினைவகத்தில் எண்களாக இருக்கும். கட்டளை அவ்வெண்களைப் படித்துக் கோப்பாக எழுதுகிறது. 1996ஆம் ஆண்டு தரமாக ஏற்கப்பட்ட 'பி.என்.ஜி.' வடிவத்தில் சேமித்தால், ஒரு புள்ளியும் சிதையாமல் எழுத்துகள் தெளிவாக நிற்கும்.

மற்றொரு சிறப்பும் உண்டு. ஸ்கிராட் தான் எடுத்த படத்திற்கு ஆண்டு, திங்கள், நாள், மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றையே பெயராக இடுகிறது. 'இன்ன மன்னனுக்கு இத்தனையாவது யாண்டு' என்று தொடங்கும் கல்வெட்டு மரபினை இஃது எனக்கு நினைவூட்டுகிறது. காலம் குறிக்கப்பெற்ற செய்திக்கே மதிப்பு மிகுதி என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அடுத்த ஆண்டு, விண்ணப்பப் பணி தொடங்குமுன் அந்த ஒரு வரியை எழுதிவிட்டே அமர்ந்தேன். அவ்வாண்டும் மாணவன் ஒருவனின் பெயர் பட்டியலில் விடுபட்டது. இம்முறை நான் கலங்கவில்லை. நாளும் நேரமும் கொண்டு உரிய படத்தைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த எண்ணைக் காட்டியதும் விண்ணப்பம் கண்டுபிடிக்கப்பட்டது. உதவித்தொகையும் கிடைத்தது. மகிழ்ந்தேன், ஆயினும் முந்திய ஆண்டின் அம்மாணவியை எண்ணியபோது என் மகிழ்ச்சி முழுமை பெறவில்லை.

மாணவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திரைப்படி நல்லது தீயது அறியாது; திரையில் உள்ள அனைத்தையும் எடுத்துவிடும். பிறருடைய வங்கிக் கணக்கு எண்ணும் தனிச் செய்திகளும் அதில் அகப்படக்கூடும். ஆதலால், படி எடுப்பதை மாணவர்க்கு முன்னரே அறிவிப்பேன். வேண்டிய படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அன்று மாலையே அழித்துவிடுவேன். ஸ்கிராட் பழைய 'எக்ஸ்' காட்சி முறைக்கு உரியது. 'வேலண்ட்' என்னும் புதிய காட்சி முறையில் ஒரு மென்பொருள் மற்றொன்றின் திரையைத் தன் விருப்பம்போல் பார்த்தல் இயலாது. அங்கே திரைப்படிக்கு வேறு கட்டளைகள் உள்ளன. இக்கட்டுப்பாடு மக்களின் தனியுரிமையைக் காப்பதற்காகவே அமைந்தது. மேலும், படத்தைத் திருத்தவும் இயலும். ஆகவே திரைப்படி ஒரு துணைச் சான்றே. அதனை அளிப்பவரின் நேர்மையே அதற்கு வலிமை தருவது.

கல் ஆயிரம் ஆண்டு நிற்பது. அதற்கே படி எடுத்தனர் அறிஞர். திரையோ கண் இமைக்கும் நேரத்தில் மாறுவது. அதற்குப் படி வேண்டாவோ? கண்ட உண்மையைக் காத்து வைப்பதும் கல்வியின் ஒரு கூறேயாகும். அதனை நான் ஓர் ஏழைத் தாயின் பொறுமையிலிருந்து கற்றேன். நீங்கள் இழப்பின்றியே கற்றுக்கொள்ளுங்கள்.