கடைசிக் குழாயில் மஞ்சள்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரில் காலைத் தண்ணீர் விடுகிற ஆபரேட்டர் முதலில் பார்ப்பது மின்சாரத்தை. மும்முனை மின்சாரம் வந்ததும் ஸ்டார்ட்டரை அழுத்துவார். ஆழ்குழாயிலிருந்து ஏறும் தண்ணீரின் சத்தத்தை வைத்தே, தொட்டி பாதி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிவிடுகிறார். மருந்து கலக்க அவருக்குக் கிடைக்கிற நேரம் அதுதான்.

நான் பார்க்கப் போனதும் அந்த வேலையைத்தான். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சிகளில் பின்பற்றும் கணக்கு. முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அவர் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்தார். பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை தொடாமல் வைத்தார். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே ஊற்றினால்தான் தொட்டி முழுக்கக் கலக்கும். நிறைந்த பிறகும் அரை மணி நேரம் வால்வைத் திறக்கக் கூடாது. கிருமியைக் கொல்லக் குளோரினுக்கு அந்த அவகாசம் வேண்டும்.

கணக்கு எளிது, பவுடர்தான் ஏமாற்றும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து ஈரம்பட வைத்தால் நாளுக்கு நாள் வீரியம் குறையும். அப்போது 120 கிராமை நிறுத்துப் போட்டாலும் பலன் 120 கிராமுக்கு இருக்காது. அதனால் அவர் மூட்டையின் வாயை இறுகக் கட்டி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருக்கிறார்.

"மருந்து கொறஞ்சா யாருக்கும் தெரியாது சார். கூடிப்போச்சுன்னா வாசம் அடிக்குதுன்னு தெருவே சண்டைக்கு வரும்" என்றார். இந்த வேலையின் நெருக்கடி முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. கொஞ்சம் கூடினால் வசவு, குறைத்துப் போட்டால் நிம்மதி. அந்த நிம்மதியின் விலையைப் பின்னால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

தொட்டியைக் கழுவுவது இதைவிடக் கடினம். தண்ணீரை வெளியேற்றி, மூடியைத் திறந்து காற்றாட விட்டு, உள்ளே இறங்கிச் சுவரையும் தரையையும் தேய்த்து, பிளீச்சிங் கரைசலால் கழுவி, மறுபடி அலச வேண்டும். மூடிய இடத்தில் குளோரின் நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்குவது தவறு. துணைக்கு மேலே ஒருவர் நிற்காமல் இறக்குவது அதைவிடப் பெரிய தவறு.

பிறகு அவரோடு கடைசித் தெருவுக்கு நடந்தேன். தொட்டியில் இருக்கும் குளோரின் வழியெல்லாம் செலவாகிக்கொண்டே வரும். பல ஊர்களில் தண்ணீர் வேகம் இல்லாத இடத்தில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். விரிசல் வழியே பள்ளத்து அழுக்கு உள்ளே போகும். அதனால் சோதனையைக் கடைசிக் குழாயில்தான் செய்ய வேண்டும். அவர் சிறு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடோலிடின் சொட்டுகளை விட்டார். இளமஞ்சள் எழுந்தது. உடனே அதைக் குளோரோஸ்கோப்பின் நிற அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தாமதித்தால் நிறம் கூடித் தப்பான அளவு காட்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 தரப்படி, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது. குழலில் இருந்ததை யாரும் குடித்துவிடாதபடி அவர் தள்ளிப்போய் ஊற்றினார்.

குளத்தூர் இருப்பது பாறை பூமி. முன்பு இந்த மாவட்டத்து ஊர்கள் ஊருணித் தண்ணீரைக் குடித்தன. மாடு இறங்காமலும் துணி துவைக்காமலும் ஊரே அதைக் காத்தது. எல்லோரையும் அதில் இறங்கி மொள்ள விட்டதில்லை என்பதும் அதே அளவு உண்மை. தொட்டியும் குழாயும் வந்ததால் அந்தப் பாகுபாடு தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்திருந்தோம். 2022 டிசம்பரில், இதே மாவட்டத்தின் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், தொட்டி மூடிக்குப் பூட்டும் கடைசிக் குழாயில் அன்றாடச் சோதனையும் இருக்கச் செய்வது அரசின் கடமை.

வசதியான நாடுகளுக்கும் இதில் விலக்கு இல்லை. 2000 மே மாதம், கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் பலத்த மழைக்குப் பிறகு கால்நடைச் சாணத்திலிருந்த ஈ.கோலை ஊர்க் கிணற்றில் கலந்தது. ஏழு பேர் இறந்தார்கள்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். குளோரினை அளக்காமலேயே பதிவேட்டில் அளவுகளை எழுதிவந்தது விசாரணையில் வெளிப்பட்டது. பதிவேடு நிரம்பியிருந்தது, தண்ணீரில் காவல் இல்லை.

வாய்க்கால் வெட்டினால் போதாது, கடைமடை வயல் நனைந்தால்தான் பாசனம் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். குடிநீருக்கும் அதே அளவுகோல்தான் வேண்டும். பல ஊர்களில் கடைசிக் குழாய் இருப்பது ஏழைகளும் பட்டியலின மக்களும் வாழும் தெருவில். அங்கே மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பது சுகாதாரச் சோதனை. சமத்துவச் சோதனையும் அதுவே.

இந்தக் காவலை ஒப்படைத்திருக்கும் மனிதருக்கு நாம் தருவது சொற்பத் தொகுப்பூதியம். தொட்டி இயக்குநர்கள் ஊதிய உயர்வு கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாழத்தக்க ஊதியமும் கையுறையும் தராசும் வீரியம் கெடாத பவுடரும் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்காவது களச் சோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. அதில் கடைசித் தெருப் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். தொட்டியில் சுத்தம் செய்த தேதியை எழுதி வைக்கிறோம். அதன் கீழே, கடைசிக் குழாயில் அன்று கண்ட குளோரின் அளவையும், அளந்த பெண்ணின் கையெழுத்தையும் ஊர் பார்க்க எழுதி வைக்க வேண்டும்.