மண்கும்பானில் ஒரு நாற்சார் வீடு

யாழ்ப்பாணத்தினின்றும் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டிக்கு அப்பால் உள்ளது மண்கும்பான். நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் இவ்வூரைப் பஸ்ஸின் யன்னலூடாகவே பார்த்திருப்பர். வெண்மணல் மேடுகளும் பனைகளும் வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் கோயிலும் கண்ணிற்பட்டு மறையும். நாம் அங்கு இறங்கி நடந்தது பழைய வீடுகளைக் காண்பதற்காகும்.

நாம் கண்ட வீட்டுக்குக் கூரையில்லை. நடுவே முற்றம், அதன் நாற்புறமும் விறாந்தையும் அறைகளும். இதுவே நாற்சார் வீடு. நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை முற்றத்தில் விடும். கலியாணமும் நெல் உலர்த்தலும் குழந்தைகளின் விளையாட்டும் நிகழ்ந்த இடம் அது. இன்று அங்கே ஓர் ஆலங்கன்று வளர்கின்றது. சுண்ணாம்புச் சாந்திட்ட கற்சுவர் மட்டும் கம்பீரமாக நிற்கின்றது. ஒரு மூலையில் யாரோ சீமெந்து பூசிப் பழுதுபார்த்திருக்கின்றனர். உப்புக்காற்று வீசும் இடத்திற் சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அந்த மூலையே முதலில் உதிர்ந்துள்ளது.

கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை நடத்திய தீவகத்தார் தேடிய பொருளில் இத்தகைய வீடுகள் பல எழுந்தன. 1990 ஆகஸ்டிலே தீவகத்திற் போர் மூண்டபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆளில்லா வீடுகளின் ஓடும் கதவும் நிலையும் கழன்று போயின. நனையாதிருந்தால் தலைமுறைகளைத் தாங்கும் வைரப் பனை மரமும், ஓடு போனபின் எத்தனை மாரிகளைத் தாங்கும்?

போர் முடிந்தது 2009இல். ஆயினும் வீடுகள் நிமிரவில்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் கனடாவில், ஒருவர் பாரிசில், ஒருவர் இலண்டனில். எல்லாரும் ஒப்பாமல் ஓர் ஓடும் மாற்றவியலாது. அரசு காக்கட்டும் என்பாருமுளர். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னம் என்கின்றது. பிந்திய வீடுகள் தாமாக அதன் நிழலில் வாரா. நல்லூர் மந்திரிமனை பேரும் புகழும் உடையது. அதுவே 2025 செப்டெம்பர் மழையில் ஒரு பகுதி இடிந்தது என்றால், பெயரற்ற மண்கும்பான் வீட்டை யார் நினைப்பார்?

செட்டிநாட்டிலும் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலரே. அங்கும் எத்தனையோ மாளிகைகள் இடிந்து, தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்தன. எனினும் கலியாணத்தையும் சடங்கையும் பூர்வீக வீட்டிலேயே நடத்தும் வழக்கம் பல மனைகளைக் காத்தது. விசேஷம் வருமுன் எல்லாரும் பணம் போட்டு வெள்ளையடிப்பர்.

நம்மவர் கோயில் திருவிழாவிற்கு ஆண்டுதோறும் கடல் கடந்து வருகின்றனர். கோபுரத்துக்கு வாரி வழங்குகின்றனர். அப்பயணத்தில் ஒரு நாளைப் பங்காளிகள் கூடிப் பேசுவதற்கு ஒதுக்கினால், ஒருவருக்கு அதிகாரம் எழுதிக்கொடுத்து, மாரிக்கு முன்னே ஓடு மாற்றவும் மரக்கன்று பிடுங்கவும் ஓர் ஊராரைச் சம்பளத்திற்கு அமர்த்தலாம். கோபுரச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

நாம் கண்ட வீட்டின் வடக்குச் சார் மட்டும் இன்னும் கைமரத்தோடு இருக்கின்றது. ஐப்பசி மழை தொடங்குமுன் அதற்கு ஓடு வேயலாம்.