கிரந்திச் சாப்பாடும் என் மோதிர விரலும்

ஸ்காபுறோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில் ஒரு தமிழ் அண்ணா முடி வெட்டுவார். சின்ன வயதிலிருந்து அவரிடம்தான் போவேன். எனக்கு 19 வயதாக இருந்தபோது ஒரு நாள், சீப்பை என் தலையில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சீப்பைத் தனியாக எடுத்து வைத்தார், கையுறை போட்டுக்கொண்டு மிச்சத்தை வெட்டி முடித்தார். காசு கொடுக்கும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது தொத்துமோ?"

"தெரியேல்லை அண்ணா" என்றேன். உண்மையாகவே தெரியாது. அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டு பாத்ரூமில் மெஷினை வைத்து நானே தலையைச் சிரைத்துக்கொண்டேன்.

தொற்றாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அப்போது சொல்ல யாரும் இருக்கவில்லை. சொரியாசிஸ் உள்ள ஒருவரின் சீப்பு, துவாய், கட்டில், கை எதைத் தொட்டாலும் உங்களுக்கு வராது. அது கிருமி இல்லை. எங்கள் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி தேவையில்லாமல் தோலைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுவதுதான் அந்த வெள்ளைச் செதில்.

எனக்கு அது ஒரு ஜனவரி மாதம் தொண்டை நோவோடு தொடங்கியது. தொண்டை மாறி இரண்டு கிழமைக்குள் நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் வரும் தொண்டை நோவு, மரபணுவில் ஏற்கெனவே இருக்கிற சொரியாசிஸை எழுப்பிவிடும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. ஆனால் நான் முதலில் பார்த்த டொக்டர் பங்கஸ் என்று சொல்லி ஒரு கிறீம் தந்தார். இரண்டு மாதம் பூசினேன். கூகிளில் படம் தேடினால் வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டுகள்தான் வந்தன. என்னுடையது சிவப்பாக இருக்கவில்லை. ஊதாவும் சாம்பலும் கலந்த மண்ணிறம். எங்கள் தோலில் அது அப்படித்தான் தெரியும். அதனால்தான் எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது பல தடவை எக்சிமா என்றோ பங்கஸ் என்றோ போய்விடுகிறது.

பிறகு முழங்கை, தலை, காதுக்குப் பின்னால். தோல் டொக்டரிடம் போகக் கடிதம் கிடைத்தது. திகதி செப்டம்பரில். அப்போது ஏப்ரல்.

அந்த இடைவெளியில்தான் சாப்பாடு வந்தது.

எங்கள் வீட்டில் தோலில் எது வந்தாலும் அம்மம்மாவின் முதல் கேள்வி, "என்ன கிரந்திச் சாப்பாடு சாப்பிட்டனீ?" என்பதுதான். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இந்தச் சொல் தெரியும். சூடு, குளிர் என்பதைப் போலக் கிரந்தியும் ஒரு கணக்கு. எங்கள் வீட்டுக் கணக்கில் இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாம் கிரந்தி. சொறியைக் கிளப்பும். அம்மம்மா அன்றைக்கே இவற்றை நிறுத்தினார். மாமா சென்னைக்குப் போய் வந்தபோது வெட்பாலைத் தைலம் கொண்டுவந்தார். நல்ல ஊதா நிறம். என் தலையணை உறைகள் இன்னும் ஊதாதான். செதில் கொஞ்சம் மிருதுவானது, அவ்வளவுதான்.

நானோ இரவில் யூரியூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாரும் குடலைப் பற்றியே பேசினார்கள். குடல் ஒழுகுகிறது, அதிலிருந்து நஞ்சு இரத்தத்துக்குப் போகிறது, தோல் அதை வெளியே தள்ளுகிறது, ஆகவே குடலை மூடு, தோல் மூடும். சொன்னவர்கள் எல்லாரும் பளபளவென்று இருந்தார்கள். அவர்களுடைய தடைப் பட்டியலில் தக்காளியும் கத்தரிக்காயும் இருந்தன. எனக்கு மயிர் சிலிர்த்தது. மானிப்பாயில் பிறந்த அம்மம்மாவும் கலிபோர்னியாக்காரனும் ஒரே காயைச் சொல்கிறார்கள் என்றால் அது உண்மையாகத்தானே இருக்கவேண்டும்! இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் இருப்பது ஆதாரம் ஆகாது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. தக்காளி, கத்தரிக்காய்க் குடும்பத்தை நிறுத்தினால் சொரியாசிஸ் குறையும் என்று காட்டிய நல்ல பரிசோதனை எதையும் நான் இன்றுவரை காணவில்லை.

மே மாதம் தொடங்கினேன். முதலில் கோதுமை போனது. பிறகு பால், தயிர், சீனி, முட்டை. பிறகு பருப்பு, சோறு, மிளகாய். ஜூலையில் நான் சாப்பிட்டது அவித்த கோழி, வெள்ளரிக்காய், வற்றாளைக் கிழங்கு, ஒலிவ் எண்ணெய். 68 கிலோ இருந்த நான் 57க்கு வந்தேன். அம்மா எனக்கென்று தனிச் சட்டி வாங்கினார்.

ஆனால் தோல் மாறியது! ஜூலை கடைசியில் முழங்கை கிட்டத்தட்டச் சுத்தம். எனக்கு வந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் மச்சானுக்கு வயிற்றுப் பிரச்சினை என்றதும் ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தேன். செப்டம்பர் அப்பொயின்ட்மென்ட்டை நானே போன் எடுத்து ரத்துச் செய்தேன். மாறின வருத்தத்துக்கு ஏன் டொக்டர்?

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். அது கோடை. அந்த வருடம் ஒரு முகாமில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பழக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க வெயிலில் அரைக்கைச் சட்டையோடு நின்றேன். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் சொரியாசிஸைக் குறைக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் 311 நானோமீற்றர் அலைநீளமுள்ள கதிரை அளவாகக் கொடுத்து வைத்தியம் செய்கிறார்கள். இந்த வருத்தம் தானாகவே கூடிக் குறையும் வருத்தமும்கூட. மே மாதம் எதைத் தொடங்கியிருந்தாலும் ஜூலையில் அது வேலை செய்த மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

ஓகஸ்ட் மாதம் அம்மம்மாவுக்கு 80ஆவது பிறந்தநாள். எல்லாரும் வந்திருந்தார்கள். நான் என்னுடைய பிளாஸ்ரிக் பெட்டியோடு போய் ஒரு மூலையில் இருந்து கோழியைத் தின்றேன். அம்மம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் வந்து இருந்து, "நான் உனக்குக் கூடாதது ஒண்டும் போடேல்லை ராசா. தக்காளி இல்லை, இறால் இல்லை. உனக்கெண்டுதான் முருங்கைக்காய் வச்சனான்" என்றார். அந்தச் சமையல் முழுவதும் எனக்காகக் கிரந்தி இல்லாமல் செய்யப்பட்டிருந்தது. அறுபது பேர் கத்தரிக்காய் இல்லாத விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நான், "சோறு குடலுக்குக் கூடாது அம்மம்மா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்.

ஒக்டோபரில் வலது கை மோதிர விரல் வீங்கியது. நான் ஒன்பது வயதிலிருந்து மிருதங்கம் படிக்கிறேன், அடுத்த வருடம் அரங்கேற்றம் செய்வதாக இருந்தது. மோதிர விரலைத் தோலில் மெதுவாக வைத்துச் சுட்டுவிரலால் 'நம்' அடிக்கும்போது நோகும். காலையில் எழும்பினால் விரல் மடங்காது, ஒரு மணித்தியாலம் போகவேண்டும். மாஸ்டர், "கூடப் பிறக்டிஸ் பண்ணிப்போட்டாய், ஒரு கிழமை விடு" என்றார். ஒரு கிழமை விட்டேன். நவம்பரில் முழங்கைத் திட்டுகள் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தன. நகத்தில் ஊசியால் குத்தின மாதிரிச் சின்னக் குழிகள். நான் செய்தது என்ன தெரியுமா? வற்றாளைக் கிழங்கையும் நிறுத்தினேன்.

சொரியாசிஸ் உள்ள 10 பேரில் 3 பேர் வரைக்கும் மூட்டு வாதம் வரலாம். ஒரு மூட்டு மட்டும் இல்லை, முழு விரலுமே சொசேஜ் மாதிரி வீங்குவது, காலை விறைப்பு, நகக் குழி மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றும் எனக்கு இருந்தன. ரத்துச் செய்த இடத்துக்குத் திரும்ப வரிசையில் நின்று தோல் டொக்டரைப் பார்க்க மார்ச் ஆகிவிட்டது. அவர் முழங்கையைப் பார்த்ததைவிட விரலைப் பார்த்த நேரம்தான் கூட. எத்தனை மாதம் என்று கேட்டார். ஐந்து என்றேன். பேனையைக் கீழே வைத்தார். எக்ஸ்ரேயில் அந்த விரல் எலும்பின் ஓரம் சின்னதாக அரிக்கப்பட்டிருந்தது. அந்த அரிப்பு திரும்ப நிரம்பாது.

அவரிடம் குடலைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. குடலுக்கும் சொரியாசிஸுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி வருவது மற்றவர்களைவிடக் கூட; இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள்கூட இருக்கின்றன. ஆனால் அந்தத் தொடர்பு யூரியூப் சொல்கிற மாதிரி நேர்கோடு இல்லை. பின்னர் நானே வாசித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இன்ரலூக்கின் 17 என்ற பொருளைத் தடுக்கும் செகுகினுமாப் என்ற ஊசி சொரியாசிஸை நன்றாக அடக்கும். அதையே குரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. பலன் இல்லை, அதோடு பக்க விளைவுகள்தான் கூட. தோலில் எரிக்கிற அதே பொருள் குடலில் காவல் வேலையும் செய்கிறது போல. 'குடலைச் சரிசெய்தால் தோல் சரி' என்ற ஒற்றை வசனத்துக்குள் இதெல்லாம் அடங்காது. குடலில் வாழும் பக்டீரியாக்கள் சொரியாசிஸ் உள்ளவர்களில் வேறுபடுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எப்படி வேறுபடுகின்றன என்பதில் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

கோதுமை விஷயம் ஒரு பகிடி. சொரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு சீலியாக் நோயும் இருக்கலாம், அவர்களுக்குக் குளூட்டனை நிறுத்துவது உண்மையாகவே உதவும். அதை இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். ஆனால் பரிசோதனை சரியாக வர நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்! பத்து மாதம் ஒரு துண்டு பாண் தொடாத என்னை, ஆறு கிழமை ஒவ்வொரு நாளும் பாண் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினார். பிளாசாவில் ரோல்ஸ் வாங்கிக் காருக்குள் இருந்து அழுதுகொண்டே தின்றேன். முடிவு நெகற்றிவ். எனக்குக் கோதுமையோடு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆகவே நீங்கள் யாராவது குளூட்டனை நிறுத்த யோசித்தால், நிறுத்த முன்னம் இரத்தத்தைச் சோதியுங்கள்.

அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு 2018இல் உணவு பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து அறிவுரை வெளியிட்டது. அதில் உறுதியாகச் சொன்னது, எடை கூடியவர்கள் எடையைக் குறைத்தால் சொரியாசிஸ் குறையும் என்பது. 68 கிலோவில் இருந்த எனக்கு அது பொருந்தாது. அதே வருடம் பிரான்சில் 35,000க்கு மேற்பட்டவர்களைப் பார்த்த ஒரு ஆய்வில், மீன், பருப்பு வகை, மரக்கறி, பழம், ஒலிவ் எண்ணெய் கூடச் சாப்பிடுபவர்களிடம் கடுமையான சொரியாசிஸ் குறைவாக இருந்தது. இது தொடர்பு மட்டும்தான், சாப்பாடுதான் காரணம் என்று அதில் நிரூபணம் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒலிவ் எண்ணெயை விட்டால் அது அம்மம்மாவின் மத்தியானச் சாப்பாடு. பருப்பு, கீரை, மீன், குத்தரிசிச் சோறு. பருப்பிலும் கீரையிலும் உள்ள நார்ச்சத்தைத்தான் குடல் பக்டீரியாக்கள் உடைத்து, குடல் சுவருக்குத் தேவையான கொழுப்பமிலங்களைச் செய்கின்றன. குடலைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி நான் நிறுத்தியது அந்தப் பருப்பைத்தான்.

இப்போது கிழமைக்கு ஒரு தடவை மெதோட்ரெக்சேட் எடுக்கிறேன், 15 மில்லிகிராம். மற்ற நாளில் போலிக் அசிட். இடைக்கிடை ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை. குடி கிடையாது. அடுத்த நாள் காலை கொஞ்சம் ஓங்காளம் வரும், அதைச் சொல்லாமல் விட்டால் பொய். முழங்கையில் மெல்லிய நிழல் மட்டும் மிச்சம். விரல் வீக்கம் இல்லை, ஆனால் கடைசி மூட்டு முழுதாக மடங்காது. மாஸ்டர் எனக்காக விரல் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றித் தந்திருக்கிறார். அரங்கேற்றம் இன்னும் நடக்கவில்லை.

குளிசை நாள் வெள்ளிக்கிழமை. அம்மம்மா வீட்டில் அன்றைக்கு மரக்கறிதான். மருந்து போட்டால் வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும் என்று ஏழு மணிக்கே போன் வரும். பிறந்தநாள் விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமில்லை" என்று பொய் சொன்னார். கத்தரிக்காயால் ஒன்றும் வராது என்று மூன்று தடவை விளங்கப்படுத்திப் பார்த்தேன். போன வெள்ளி எல்லாருக்கும் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தார். என் கோப்பையில் மட்டும் போடவில்லை. நான் எழும்பிப் போய்ச் சட்டியில் இருந்து அள்ளிப் போட்டேன். "உது கிரந்தி, பிறகு எனக்குச் சொல்லாதை" என்றார், பருப்புக்கு நெய் விட்டுக்கொண்டே.