தில்லை மரமும் எம் வயலும்

சிதம்பரத்திற்குத் தில்லையென்னும் பெயர் ஒரு மரத்தால் வந்தது. அம்மரத்தை யாம் நகரினுள் தேடிக் காணாது, கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழியிற் கண்டோம். கிளையொன்றை ஒடிக்கக் கை நீட்டிய எம்மைப் படகோட்டி, "ஐயா, தொடாதீர்கள்! அதன் பால் கண்ணைக் கெடுத்துவிடும்" என்று தடுத்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டினர். மரமற்ற நிலம் தாழ்ந்தது. புகுந்த கடல்நீர் வடியாது தேங்கி, வெயிலில் வற்றி, உப்பே மிஞ்சிற்று. அங்கே விதை முளைப்பதெங்ஙனம்? 1990-களில் வனத்துறையினரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஊராரும் கூடி, மீன்முள் வடிவாகக் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து மீள வழிசெய்து, கண்டற் கன்றுகளை நட்டனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெரிதும் தப்பின.

"ஆற்றிலே நல்ல தண்ணீர்தான் முன்போல வருவதில்லை" என்றார் படகோட்டி. கண்டலுக்கு அதுவும் வேண்டுமாம். கொள்ளிடத்து நீரைக் கீழணையில் மறித்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு விடுகின்றனர். சென்னைக்குக் குடிநீர் செல்வதும், எம் குடும்பத்து நெல் விளைவதும் அவ்வேரியாலேயே. அதனை யாம் அவரிடம் சொன்னோமில்லை. கரை சேருமளவும் நீரையே பார்த்திருந்தோம்.