கோகர்ணக் கடலோரப் பாதை

துளுவ நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலம் திருக்கோகர்ணம். ஆத்மலிங்கத்தை இலங்கைக்கு எடுத்துச் சென்ற இராவணன், மாலைச் சந்தி செய்யும் பொருட்டு அதனைச் சிறுவனாக வந்த விநாயகரிடம் ஒப்படைத்ததும், அவர் அதைத் தரையில் வைத்துவிட்டதும் இக்கரையில்தான் என்பது தலவரலாறு. பெயர்க்க முடியாமற்போன அந்த லிங்கமே மகாபலேசுவரர்.

கடலில் நீராடி, மகாகணபதியை முதலில் வணங்கி, பின்னர் மகாபலேசுவரரைத் தரிசிப்பது மரபு. பெரும்பாலோர் அத்துடன் வண்டியேறிவிடுகின்றனர். மாலைவரை தங்குவோர்க்கு ஒரு நடை காத்திருக்கிறது.

ஊர்க் கடற்கரையின் தென்கோடியில் இராமர் கோயில். உப்புக் கடலை ஒட்டியே அங்கு நன்னீர்ச் சுனை. இராம தீர்த்தம் என்பர். அதற்கப்பால் பாதை செம்புரைக்கல் மேட்டின் மீது ஏறுகிறது. நிழல் குறைவு, நண்பகலில் பாறை சுடும், மழைக்காலத்தில் வழுக்கும். ஆதலால் நான்கு மணிக்குமேல் புறப்படுவதே நலம். முழங்கால் வலியுள்ளோர் சுனையருகே அமர்ந்துவிடுவதில் குறைவொன்றுமில்லை. அவர்கள் ஆட்டோவில் சாலை வழியாகவே ஓம் கடற்கரையை அடையலாம்.

மேட்டைக் கடந்து இறங்கினால் குட்லே கடற்கரை. விடுதிகளும் வெளிநாட்டுப் பயணிகளும் நிறைந்த இடம். வேட்டி புடவையோடு செல்வோர்க்குச் சற்றே கூச்சமாயிருக்கும். பொருட்படுத்த வேண்டியதில்லை. மறுபடியும் ஒரு குன்று. அதன் மேலிருந்து பார்த்தால், நடுவே பாறை நீண்டிருக்க, இரு பிறைகளாய் வளைந்த கரை, தேவநாகரியில் எழுதிய ஓங்காரம்போல் கீழே விரிகிறது.

அங்கு பாறைகளினிடையே கடலில் இறங்கலாகாது. கதிரவன் அரபிக்கடலில் மறையும்வரை மணலில் அமர்ந்து, இராவணன் செய்யச் சென்ற அதே சந்தியை முடித்துக்கொண்டு, இருட்டுமுன் சாலை வழியே ஊர் திரும்பலாம்.